செக்கிங் அக்கா வீட்டு டிவி

எங்கள் கம்பெனியில் தைத்து முடிந்த சட்டைகள் கடைசியாக வந்து விழும் மேசை ஒன்று உண்டு. அந்த மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்கா. பதினொரு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே டியூப்லைட் வெளிச்சத்தில் சட்டைகளைப் புரட்டியிருக்கிறோம். நானும் செக்கிங்தான். ஆனால் செக்கிங் அக்கா என்று சொன்னால் கம்பெனியில் காவலாளி முதல் மேனேஜர் வரை அவரைத்தான் நினைப்பார்கள்.

காரணம் அவருடைய சந்தேகம். ஒரு சட்டையை நான் பார்க்கிற நேரத்தில் அவர் அதன் கைக்குள் கையை விட்டு, தையலை இரண்டு பக்கமும் இழுத்து, முகர்ந்தும் பார்த்துவிடுவார். ஆறு பட்டன் என்று சீட்டில் எழுதியிருந்தால் எண்ணுவார். எண்ணி ஆறே வந்தால், இன்றைக்கு ஏன் இவ்வளவு சரியாக வந்தது என்று யோசிப்பார். தப்பு தெரிந்த இடத்தில் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது எங்கள் வழக்கம். அக்காவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு தாள் ஸ்டிக்கர் வேண்டும். எனக்கு ஒரு தாள் மூன்று நாள் வரும்.

கல்யாண விஷயத்திலும் அப்படித்தான் நடந்துகொண்டாராம். பஸ் டிரைவர் ஒருவருக்குப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். வீட்டில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. அக்கா மட்டும் ஒன்றும் சொல்லாமல், அவர் ஓட்டும் பஸ்ஸில் ஒரு வாரம் போய் வந்திருக்கிறார். திடுமென்று பிரேக் போடுகிறாரா, ஓடி வருகிற கிழவருக்காக நிறுத்துகிறாரா, கண்டக்டரிடம் எரிந்து விழுகிறாரா என்றெல்லாம் பின் சீட்டில் உட்கார்ந்து கவனித்திருக்கிறார். ஏழாம் நாள் வீட்டுக்கு வந்து சரி என்று சொன்னார். இது டிரைவருக்குத் தெரிந்தது கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து. அந்த வாரம் ஒரு நாள் தனக்குக் காய்ச்சல் என்றும், அன்றைக்குப் பஸ்ஸை ஓட்டியது வேறு ஆள் என்றும் அவர் சொல்ல, அக்கா இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை.

ஒரே மகள் கல்யாணமாகித் தூரத்து ஊருக்குப் போய்விட்டாள். அதற்கடுத்த வருடம் டிரைவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. கால் ஓரளவு திரும்பியது, கை திரும்பவில்லை. பேச்சு அடியோடு போயிற்று. மனசுக்குள் இருப்பது வாய்க்கு வராமல் அவர் தவிப்பதைப் பார்க்க முடியாது என்று அக்கா சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொல்வார். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்மணி ஒரு யோசனை சொன்னார். டிவியில் செய்தி வாசிப்பவர்கள் நிதானமாக, வாயை நன்றாகத் திறந்து பேசுவார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கூடச் சொல்லச் சொல்லுங்கள் என்றார்.

அது வேலை செய்தது. ஐந்து மாதத்தில் டிரைவருக்கு நாற்பது, நாற்பத்தைந்து வார்த்தைகள் திரும்பின. ஆனால் எல்லாம் செய்தி வார்த்தைகள். தண்ணீர் வேண்டும் என்பதற்கு 'மழை' என்பார். அக்கா வேலைக்குக் கிளம்பினால் 'புறப்பட்டது' என்பார். குழம்பு நன்றாக இருந்தால் 'வரவேற்பு' என்பார். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆகவே அந்த டிவி அவர்கள் வீட்டில் மூன்றாவது ஆள் மாதிரி. அதைக் காப்பாற்ற அக்கா சட்டமே போட்டிருந்தார். கரண்ட் போனால் உடனே ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்க வேண்டும். கரண்ட் வந்ததும் இருநூறு வரை எண்ணிவிட்டுத்தான் போட வேண்டும். இடி இடித்தால் கேபிள் ஒயரையும் கழற்ற வேண்டும், அந்த வழியாகவும் மின்னல் வரும். டிரைவர் இடது கையாலேயே எல்லாம் செய்வதற்காக, கரண்ட் சட்டென்று எகிறினால் தடுக்கும் என்று சொல்லி விற்ற, சிவப்பு விளக்கு எரியும் ஸ்பைக் கார்டு பெட்டி ஒன்றை வாங்கி, நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் வைத்திருந்தார். வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்டியவர், விதிமுறையில் தவற மாட்டார்.

அப்படியும் டிவி போய்விட்டது.

ஒரு சாயங்காலம் அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் கருகிய வாடை. டிரைவர் கறுத்துக் கிடந்த டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு அவர் இடது கையைத் தூக்கி மேலே காட்டி, "வெயில், வெயில்" என்றார். புழுக்கமாக இருக்கிறதாக்கும் என்று அக்கா ஃபேனைக் கூட்டி வைத்தார். அவர் தலையை ஆட்டி, மறுபடி மேலே காட்டி, "வெயில்" என்றார். அக்கா ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. கரண்ட் வந்ததும் இருநூறு எண்ணாமல் போட்டிருப்பாரோ என்று அக்காவுக்கு அவர் மேலேயே ஒரு சந்தேகம். கேட்கவும் செய்தார். டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தெருமுனையில் டிவி மெக்கானிக் ஒருவர் கடை வைத்திருந்தார். மறுநாள் அக்கா அரை நாள் லீவு போட்டு, டிவியோடு அங்கே போய் உட்கார்ந்தார். மெக்கானிக் பின்மூடியைக் கழற்றியதும் அக்கா செய்த முதல் வேலை, உள்ளே இருந்த மூன்று போர்டுகளிலும் அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தேதி போட்டதுதான்.

"என்னம்மா ஒட்டுறீங்க?"

"அடையாளத்துக்கு. நான் போனதும் நல்ல போர்டைக் கழட்டிட்டு பழசை வச்சுட்டா?"

"இருபது வருஷமா இந்தத் தெருவுலதான் கடை வச்சிருக்கேன்."

"நான் முப்பது வருஷமா தப்பு பார்க்கிறேன்."

மெக்கானிக் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தார். கரண்ட் வாங்கும் போர்டு எரிந்திருந்தது. ஸ்பைக் கார்டு பெட்டியையும் திறந்து, பட்டன் அளவில் கருகிக் கிடந்த ஒரு வில்லையைக் காட்டினார். மின்னல் மாதிரி சட்டென்று வருகிற அடியைத்தான் இது வாங்கிக்கொள்ளும், வோல்டேஜ் ஏறி ஏறினபடியே நின்றால் இதுவும் போய் டிவியும் போய்விடும், உங்கள் வீட்டில் அப்படித்தான் ஏறி நின்றிருக்கிறது என்றார். எங்கள் வீட்டில் மட்டும் எப்படி ஏறும், பக்கத்துக் கட்டிடத்தில் எல்லார் டிவியும் ஓடுகிறதே என்று அக்கா மடக்கினார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதுதான் எனக்கும் புரியவில்லை என்று ஒத்துக்கொண்டார். ஆள் மாட்டிக்கொண்டார் என்று அக்கா முடிவு கட்டினார். போர்டு வெளியூரிலிருந்து வர வேண்டும், எட்டு நாளாகும் என்று சொன்னது அந்த முடிவை இன்னும் உறுதியாக்கிவிட்டது.

அந்த எட்டு நாளும் டிரைவர் வாய் திறக்கவில்லை. அக்கா சாயங்காலங்களில் பேப்பரை எடுத்து உரக்கப் படித்துப் பார்த்தார். அவர் கேட்டுக்கொண்டிருந்தார், கூடச் சொல்லவில்லை. அக்கா வேகமாகப் படிக்கிறாரோ, வாயைச் சரியாகத் திறக்கவில்லையோ, தெரியாது. ஒன்பதாம் நாள் செய்தி ஓடியபோது பழைய வார்த்தைகளில் பாதிதான் இருந்தது. மீதியை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இதைச் சொன்ன அக்கா, சாப்பிடாமலே அதை மூடிவிட்டார்.

மெக்கானிக் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் போடச் சொல்லியிருந்தார். அவர் சொன்ன கடையில் வாங்கினால் கமிஷன் போகும் என்று அக்கா ஊரின் மறுகோடியில் ஒரு கடையைத் தேடிப் பிடித்தார். பெட்டியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்குகள். கரண்ட் சரியாக இருந்தால் பச்சை. குறைந்தால் மஞ்சள். அளவுக்கு மேல் ஏறினால் சிவப்பு எரிந்து, டக்கென்று டிவியை நிறுத்திவிடும். மாட்டின நாளிலிருந்து அது டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. செய்தி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், டிரைவர் ஒரு வார்த்தையைப் பாதி பிடித்திருப்பார், படம் போய்விடும்.

பெட்டியே டூப்ளிகேட் என்று அக்கா அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினார். பச்சை அசையவே இல்லை.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. உங்க வீட்டு கரண்டைக் கொண்டு வாங்கம்மா, டெஸ்ட் பண்ணித் தர்றேன்" என்று சொல்லியிருக்கிறார்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கடைக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் பழக்கம் உண்டா என்று அந்தத் தெருவில் இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

பிறகு அவருடைய சந்தேகம் மாடி ஏறியது.

அந்தக் கட்டிடத்தில் மொத்தம் மூன்று தளம். கீழே ஒரு நோட்டுப் புத்தகக் கடையின் குடோன், எப்போதும் பூட்டியே கிடக்கும். நடுவில் அக்கா வீடு. மேலே புதிதாக ஒருவர் தனியாகக் குடி வந்திருந்தார். ஓனர் எதிர் வீட்டில் இருந்தார். எப்போது பார்த்தாலும் சிரித்த முகம். டிரைவரின் உடம்பைப் பற்றி விசாரிக்காமல் போக மாட்டார்.

மாடிக்காரர் அதற்கு நேர் எதிர். நாற்பது வயதிருக்கும். வந்த அன்றே கனமான பெட்டிகள் நாலைந்தை ஆள் வைத்து ஏற்றினார். அதில் ஒன்றை மட்டும் யாரையும் தொட விடாமல் தானே அணைத்துக்கொண்டு போனார். கதவு எப்போதும் சாத்தியிருக்கும். உள்ளேயிருந்து அவ்வப்போது உறுமல் மாதிரி ஒரு சத்தம் வரும், கால் மணி நேரம் கழித்து நின்றுவிடும். படியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவார். அவர் வந்ததும் அக்கா வீட்டில் கரண்ட் கோளாறு தொடங்கியதும் ஒரே மாதம்.

ஒரு நாள் காலை அக்கா கம்பெனிக்கு வந்ததும் வராததுமாக என்னை மெஷின்களுக்குப் பின்னால் அழைத்துப் போனார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு பல். மனிதப் பல். முன்வரிசையில் இருப்பது மாதிரி பளிச்சென்று இருந்தது.

"படியில கிடந்துச்சு. மேல ஏறுற படியில" என்றார் மெதுவாக.

யாருக்காவது விழுந்திருக்கும் என்று சமாளித்தேன். விழுந்த பல்லில் வேர் இருக்காதா, ரத்தம் இருக்காதா, இது கழுவித் துடைத்த மாதிரி இருக்கிறதே என்று அக்கா கேட்டார். போலீஸுக்குப் போகலாமா என்று கேட்டேன். ஒரு பல்லை வைத்துக்கொண்டு போனால் சிரிப்பார்கள், முதலில் டிவியை அவன்தான் எரித்தான் என்று கண்டுபிடிக்கிறேன், மற்றதெல்லாம் தானாக வரும் என்றார்.

அதற்கு அவர் டிரைவரையே வேலைக்கு வைத்தார். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொடுத்து, ஸ்டெபிலைசரில் சிவப்பு எரியும் போதெல்லாம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறிக்கச் சொன்னார். இடது கைக்கு எழுத்து வசப்படவில்லை, ஆனால் எண்கள் வந்தன. டிரிப் ஷீட்டில் வருடக்கணக்காக நேரம் எழுதியவர் அல்லவா. முதல் நாள் ஏழு குறிப்பு. இரண்டாம் நாள் ஐந்து. அந்த வாரம் அவர் சுறுசுறுப்பாக இருந்தார் என்று அக்கா சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் படியில் நின்றார். பதினொன்றரைக்கு மேலே உறுமல் தொடங்கியது. உள்ளே டக்கென்று டிவி நின்றது. அக்கா உள்ளே ஓடினார். சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. டிரைவர் பென்சிலை வைத்துவிட்டு மேலே காட்டினார். மாடியைக் காட்டுகிறார் என்று நினைத்து அக்கா அண்ணாந்து பார்த்தார். அவர் காட்டியது பல்பை.

பல்பு கண் கூசுகிற அளவுக்கு எரிந்துகொண்டிருந்தது. பகல் வெளிச்சத்திலேயே அது தனியாகத் தெரிந்தது.

"வெயில்" என்றார் டிரைவர்.

அக்கா அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். டிவி எரிந்த அன்றே அவர் இதைத்தான் சொல்லியிருக்கிறார். விளக்கு வெயில் மாதிரி ஆனது என்று சொல்ல அவரிடம் இருந்த ஒரே வார்த்தை, வானிலை அறிக்கையில் பிடித்த அந்த வார்த்தைதான். உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்டேன், நேரில் பார்த்த மனுஷன் வாயைத் திறந்து சொன்னதை மட்டும் காதில் வாங்கவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். அப்போது சொல்லவில்லை. அப்போது நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார்.

மூன்று முறை தட்டியபின் கதவு ஒரு சாண் திறந்தது. மாடிக்காரர் முகத்தில் ஏதோ வெள்ளைத் தூள்.

"நீங்க என்ன மெஷின் ஓட்டுறீங்க? நீங்க ஓட்டும்போதெல்லாம் எங்க வீட்டுல கரண்ட் ஏறுது. நேரம் எழுதி வச்சிருக்கேன்."

அவர் பயப்படுவார் என்று அக்கா எதிர்பார்த்திருந்தார். அவரோ கதவை அகலத் திறந்தார்.

"நானே உங்ககிட்ட வரணும்னு இருந்தேன். நீங்க என் லைன்லேருந்து கரண்ட் எடுக்குறீங்களா?"

அவர் உள்ளே போய்த் தன் நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். அதிலும் நேரங்கள். அவர் அடுப்பைப் போடும்போதெல்லாம் அவர் வீட்டு விளக்கு மங்கிப் போகிறது, அடுப்பில் சூடு ஏறாமல் பாதியில் நிற்கிறது என்று எழுதி வைத்திருந்தார். கீழ் வீட்டு அம்மா எப்போது பார்த்தாலும் படியில் நின்று நோட்டம் விடுகிறாரே, திருட்டு லைன் ஏதாவது இழுத்திருப்பார் என்று அவருக்குச் சந்தேகம்.

என்ன அடுப்பு என்று அக்கா கேட்டார். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு வழிவிட்டார். மேசையில் தாடைகள் தாடைகளாக மாவுக்கட்டு மாவில் செய்த வெள்ளை அச்சுகள். பக்கத்தில் தட்டு நிறையப் பற்கள். பல் ஆஸ்பத்திரிகளுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பது அவர் தொழில். பீங்கான் பல்லைச் சின்ன மின்அடுப்பில் வைத்துச் சுட வேண்டும். காற்றை உறிஞ்சும் பம்பு அதோடு ஓடும், உறுமியது அதுதான். சூடு குறைந்தால் பல் சுண்ணாம்பு மாதிரி வெளிறி வரும். அப்படி இருபதுக்கு மேல் வீணாகிவிட்டது என்று ஒரு டப்பாவைக் காட்டினார். வீட்டில் தொழில் செய்யக் கூடாது என்று ஓனர் எழுதி வாங்கியிருந்ததால்தான் கதவைச் சாத்தியே வைத்திருந்தாராம். அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பல்லை மேசையில் வைத்தார். இதைத்தான் ஒரு வாரமாகத் தேடுகிறேன் என்று அவர் ஆசையாக எடுத்துக்கொண்டார்.

இரண்டு பேரும் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவருக்குக் குறைந்த நேரமெல்லாம் இவருக்கு ஏறியிருந்தது. ஒரு நிமிடம் கூடப் பிசகவில்லை.

இந்த இடத்தில் அக்காவின் முப்பது வருட வேலை அவருக்குக் கை கொடுத்தது. ஒரு சட்டையில் தையல் கோணலாக இருந்தால் தைத்தவளைக் கேட்கலாம். இருநூறு சட்டையிலும் ஒரே இடத்தில் கோணலாக வந்தால் தைத்தவர்களைக் கேட்டுப் பிரயோஜனமில்லை, துணி வெட்டின மேசைக்குப் போக வேண்டும். இதை அவர் எனக்கே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

"உங்க மேலயும் தப்பில்ல, என் மேலயும் தப்பில்ல. ரெண்டு பேருக்கும் கரண்ட் எங்கேருந்து பிரியுதோ அங்கதான் தப்பு" என்றார்.

நேராக மெக்கானிக் கடைக்குப் போனார்கள். பல்பு கூடுதலாக எரிந்தது என்று சொன்னதும் அவர் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தார். இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டார். மீட்டரோடு வந்து, மாடிக்காரரை அடுப்பைப் போடச் சொல்லி, அக்கா வீட்டில் அளந்தார். இருநூற்றுத் தொண்ணூறு காட்டியது. அடுப்பை அணைத்ததும் இருநூற்று முப்பதுக்கு இறங்கியது.

"மூணு தளத்துக்கும் கரண்ட் தனித்தனி லைன்ல வருது. திரும்பிப் போற ஒயர் மட்டும் எல்லாருக்கும் ஒண்ணு. நியூட்ரல்னு சொல்வாங்க. அது எங்கேயோ லூஸா இருக்கு. மேல ஒருத்தர் நிறைய இழுத்தா அவருக்குக் குறையும், உங்களுக்கு ஏறும். டிவி போனதோட விட்டது உங்க நல்ல நேரம். அந்த ஜாயின்ட் தீப்பிடிக்கலாம்" என்றார்.

மெயின் போர்டு மாடிப்படிக்கு அடியில் மரப்பெட்டிக்குள் இருந்தது. பெட்டியில் புதுப் பூட்டு. அக்கா பெட்டியின் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டை மாதிரி சூடு.

சாவி ஓனரிடம். மூன்று பேரும் எதிர் வீட்டுக்குப் போனார்கள். ஓனர் வழக்கம் போலச் சிரித்தபடி வரவேற்று, டிரைவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நாளைக்கு மைத்துனனை வரச் சொல்லிப் பார்க்கலாம் என்றார். மெக்கானிக் ஆபத்து என்று சொல்லிப் பார்த்தார். ஓனர் அவரை விட்டுவிட்டு அக்காவிடம் குனிந்து, இதமாகத்தான் சொன்னாராம்:

"நீங்க எதையும் சந்தேகப்படுற ஆளுன்னு இந்தத் தெருவுக்கே தெரியும்மா. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க."

அக்காவுக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. சாவியைப் பற்றிக் கேட்டால் சாவியைப் பற்றித்தானே பேச வேண்டும், இவர் ஏன் என்னைப் பற்றிப் பேசுகிறார்? திரும்பி வந்து மின்சார அலுவலகத்துக்குப் போன் போட்டார். மெயின் பெட்டி சுடுகிறது, நடக்க முடியாத மனிதர் ஒருவர் வீட்டுக்குள் இருக்கிறார் என்று இரண்டே வாக்கியம். போனை வைத்ததும் மாடிக்காரரும் மெக்கானிக்கும் டிரைவரை நாற்காலியோடு தூக்கித் தெருவில் இறக்கினார்கள். அவர் நோட்டைக் கையிலிருந்து விடவில்லை.

முக்கால் மணி நேரத்தில் இரண்டு லைன்மேன்கள் வந்து கம்பத்திலேயே கரண்டைத் துண்டித்தார்கள். ஓனர் சாவியைத் தேடிக்கொண்டே இருந்தார். லைன்மேன் பூட்டை உடைத்தார். உள்ளே நியூட்ரல் ஒயரைக் கையால் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப் உருகி வழிந்திருந்தது. பின்பலகை ஒரு தட்டு அகலத்துக்குக் கரியாகிவிட்டிருந்தது. பெரியவராக இருந்த லைன்மேன் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் நாலு நாள் என்றார்.

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. ஓனர் தன் பைக்கைப் படிக்கு அடியில் நிறுத்த இடம் போதவில்லை என்று, மாடிக்கு ஆள் வருவதற்கு முந்தின வாரம் போர்டைத் தள்ளி வைத்திருக்கிறார். அலுவலகத்தில் சொல்லவில்லை. வேலை செய்தது மைத்துனர். குடோன்காரர் ஒரு முறை ஃபேன் எரிந்துவிட்டது என்று சொன்னபோதே ஓனருக்குப் பொறி தட்டியிருக்கிறது. பெட்டிக்குப் பூட்டுப் போட்டது அதன் பிறகுதான். அக்காவின் கணக்கில் அந்தப் பூட்டுதான் பெரிய குற்றம். தெரியாமல் செய்தால் தப்பு, தெரிந்து மூடினால் அதற்கு வேறு பெயர் என்பார்.

கட்டிடத்துக்கு மூன்று நாள் கரண்ட் இல்லை. புது ஒயர், புதுப் பெட்டி, அலுவலகத்தின் கையெழுத்து என்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. அக்கா மூன்று நாளும் லீவு போட்டுவிட்டு, வேலை செய்தவர்களுக்குப் பக்கத்திலேயே டார்ச்சோடு நின்றார். ஒவ்வொரு திருகையும் இன்னொரு சுற்று முறுக்கச் சொன்னார். ஒரு லைன்மேன், எங்கள் இன்ஸ்பெக்டரே இப்படிப் பார்க்க மாட்டார் என்று சொல்ல, அப்படியானால் அவர் போன் நம்பரைக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

டிவிக்கு மெக்கானிக் ஒரு சின்னக் கருவி பொருத்தினார். வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் தானே துண்டித்து, சரியாகி மூன்று நிமிடம் ஆன பிறகே திரும்பக் கொடுக்கும். அதை வாங்குவதற்கு மட்டும் அக்கா அவர் சொன்ன கடைக்கே போனார். மெக்கானிக்கிடம் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொன்னாரா என்று கேட்டேன். அவர் கடையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தேன், அவருக்குப் புரிந்திருக்கும் என்றார்.

டிரைவரிடம் மன்னிப்பு எப்படிக் கேட்டார் என்பது எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். அதற்குப் பிறகு அவர் எதைச் சொன்னாலும், அர்த்தம் புரியாவிட்டாலும், அவர் காட்டுகிற திசையில் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் அக்கா வேறு வேலை பார்ப்பார். பாதி நேரம் அங்கே ஒன்றும் இருக்காது. ஒரு முறை மூன்று நாளாகத் தேடின கத்திரிக்கோல் இருந்தது.

ஓனர் அக்காவைக் காலி பண்ணச் சொல்லவில்லை. மின்சார அலுவலகத்தில் தன் பெயர் பதிவாகிவிட்டதால் துணிச்சல் வரவில்லை போலும். ஆனால் அவர் கோபம் மாடிக்காரர் மேல் திரும்பியது. லைன்மேன்கள் வந்த அன்று அடுப்பும் பற்களும் எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டன. எழுதிக் கொடுத்ததை மீறினார் என்று ஒரு மாதம் கெடு வைத்தார். அக்காவை இது அரித்துக்கொண்டே இருந்தது. நான் கதவைத் தட்டாமல் இருந்திருந்தால் அந்த மனுஷன் பாட்டுக்குப் பல் சுட்டுக்கொண்டிருப்பார் என்று சொன்னார். கட்டிடமே எரிந்திருக்குமே என்றேன். அதுவும் சரிதான் என்றார். ஆனால் முகம் தெளியவில்லை.

மாடிக்காரருக்கு இரண்டு தெரு தள்ளி வேறு வீடு கிடைத்தது. புது வீட்டுக்காரியிடம் அவர் தொழிலை முதலிலேயே சொல்லிவிட்டார். முன்பணம் கொடுப்பதற்கு முன் வீட்டைப் பார்க்க அக்காவையும் அழைத்துப் போனார். அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். வெள்ளையடித்த பெரிய அறை, நல்ல காற்று, தண்ணீருக்குக் குறைவில்லை. வீட்டுக்காரியம்மா ஒவ்வொன்றாகப் பெருமையாகக் காட்டிக்கொண்டே வந்தார். அக்கா எதையும் பார்க்கவில்லை. வாசலுக்குப் போய் மெயின் பெட்டியின் முன்னால் நின்றார்.

"அதெல்லாம் போன வருஷம்தாங்க மாத்தினோம். எல்லாம் புதுசு" என்றார் அந்த அம்மா.

அக்கா பெட்டியின் கதவில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார். சில்லென்று இருந்தது என்று வரும் வழியில் சொன்னார். ஆனால் அங்கே, கையை எடுக்காமலே திரும்பி, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்.